அரபிக்கடலில் முடிந்தது, பாக் நீரிணையில் முடியாதா?



2024 நவம்பரில் அரபிக்கடலில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கைக் கொடி கட்டிய மீன்பிடிப் படகுகளில் போதைச் சரக்கு போகிறது என்று இலங்கைக் கடற்படை நம் கடற்படைக்குத் தகவல் கொடுத்தது. குருகிராமில் உள்ள கடல் தகவல் மையம் துப்புச் சொன்னது. விமானம் போனது, ஆளில்லா விமானம் போனது, போர்க்கப்பல் போனது. இரண்டு படகு பிடிபட்டது. ஏறத்தாழ 500 கிலோ 'ஐஸ்' போதைப்பொருள்! ஆள், படகு, சரக்கு எல்லாவற்றையும் இலங்கை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள்.

மனதாரப் பாராட்டுகிறேன். ஐஸ் பழகிய பிள்ளைக்கு முதலில் தூக்கம் போகும், பிறகு சோறு போகும், கடைசியில் பெற்றவளையே அடிக்கக் கை ஓங்கும். அந்தத் தாய் யாழ்ப்பாணத்தில் இருந்தால் என்ன, தங்கச்சிமடத்தில் இருந்தால் என்ன?

ஆனால் பாக் நீரிணையில் நம் மீனவர்களுக்குக் கிடைத்தது என்ன? 2021 ஜனவரியில் இலங்கைக் கடற்படைக் கலத்துடன் நேர்ந்த மோதலில் 4 மீனவர் பிணமாக வந்தார்கள். அதில் ஒருவர் மண்டபம் அகதிகள் முகாமில் வாழ்ந்த ஈழத்தமிழர். 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படையின் குண்டு பாய்ந்து 2 மீனவர் படுகாயம் அடைந்தார்கள். ஐஸ் படகுக்காக அவ்வளவு வேகமாகப் பேசிக்கொண்ட இரண்டு கடற்படையும், மீன் படகுக்காக ஏன் அதே வேகத்தில் பேசிக்கொள்ளவில்லை?

நம் பக்கத் தவறையும் மறைக்க மாட்டேன். இழுவைமடியால் இலங்கையின் வடக்கு மீனவர் வலையை அறுக்கிறோம். நம் கரையிலிருந்து கஞ்சா போகிறது. நடுராத்திரியில் விளக்கணைத்துப் போகும் படகை முதலில் பார்ப்பவன் யார்? ராடாரா? வலை போட்டுக் காத்திருக்கும் மீனவன்! சுட்டுவிடுவார்களோ என்று பயந்து கிடப்பவன், அதே கடற்படையைக் கூப்பிட்டுத் தகவல் சொல்வானா? அவன் வாயை அடைத்துவிட்டு எந்த ஒப்பந்தம் போட்டாலும் கடத்தல்காரனுக்குத்தான் லாபம்.

2025 ஏப்ரலில் கொழும்பில் இரு நாடும் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. நல்லது. இரு கடற்படையும் அடுத்து கடல் எல்லைக் கூட்டத்துக்கு உட்காரும்போது ராமேஸ்வரத்திலிருந்து ஒரு மீனவரும் இலங்கையின் பேசாலையிலிருந்து ஒரு மீனவரும் அந்த மேசையில் இருக்க வேண்டும். மனு எழுதி வைத்திருக்கிறோம். தாய்மார்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடுங்கள்.