காளையின் இன்னொரு கொம்பு

வானத்து ரிஷபக் காளைக்கு இரண்டு கொம்புகள். ஒரு கொம்பு நுனிக்குப் பக்கத்தில் நண்டு நெபுலா இருக்கிறது. 1054-இல் சீனர்கள் பகலிலேயே பார்த்து எழுதிவைத்தார்களே, அந்த நட்சத்திர வெடிப்பின் மிச்சம். சின்னத் தொலைநோக்கியிலேயே தெரியும். மற்றக் கொம்பின் பக்கத்தில் இருப்பதுதான் வம்பு பிடித்தது. பெயர் சிமீஸ் 147; இதுவும் ஒரு நட்சத்திர வெடிப்பின் மிச்சம்தான். குறுக்களவில் முழுநிலவைப்போல் ஆறு மடங்கு; ஆனாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது! கிரிமியாவின் சிமீஸ் வானாய்வகத்தில் 1952-இல் ஒளிப்படத்தில்தான் அகப்பட்டது. வெடித்துப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயிற்றே, வாயுவெல்லாம் பிரித்துப்போட்ட நூல்கண்டு மாதிரி இழை இழையாக மெலிந்து கிடக்கிறது.

சரி, எப்படிப் படமெடுக்கிறார்கள்? அங்குள்ள ஹைட்ரஜன் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிர்கிறது. அந்த நிறத்தை மட்டும் உள்ளே விடுகிற ஃபில்டரை கேமராவுக்கு முன்னால் பொருத்தினால், தெருவிளக்கின் வெளிச்சம் பெருமளவு அடங்கிவிடும். பிறகு பல இரவுகள், சில நிமிடப் படங்களாக எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். நான்கு மடங்கு நேரம் எடுத்தால்தான் படத்தின் புள்ளி இரைச்சல் பாதியாகக் குறையும். கஞ்சன் கணக்குதான்! ஆக்சிஜனின் நீலப்பச்சை இழைகளோ இன்னும் மங்கல்; அவற்றுக்கு நிலா இல்லாத இரவாகப் பார்த்து உட்கார வேண்டும்.