இல்லத்திலிருந்தே கலாசாலைப் படிப்பு

(அருவங்காட்டில் கூடிய நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம், கலாசாலைப் பாடங்களை இணையவழியாக, அவரவர் இருக்குமிடத்திலிருந்தே, அவரவர்க்கு ஓய்ந்த வேளையிலே கற்று, அவ்வாறு கற்றதைப் பட்டப்படிப்பின் கணக்கிலே சேர்த்துக்கொள்ளுதல் என்பதாம். விஷயம் புதியது, ஆயினும் அது தீர்க்க முன்வந்திருக்கும் குறை நம் குடும்பங்களுக்குப் புதியதன்று. கலாசாலை வாயிலை மிதித்து, முடிக்காமல் திரும்பினோர் நம்மவர் வீடுகளில் எத்தனை பேர்! தகப்பனார் நோய்ப்பட்டதனால் மூன்றாம் ஆண்டில் நின்ற மைந்தன் ஒருவன். விவாகம் முடிந்ததும் புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றிய பெண்மணி ஒருத்தி. ஒரு பாடத்தில் தேறாமற்போய், வெட்கத்தினால் அப்பக்கமே தலைகாட்டாதவன் மற்றொருவன். இவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர். காலம் இவர்களுக்கு ஒத்துவரவில்லை. கலாசாலையோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை.

இவ்வூரைப் பற்றி ஒரு வார்த்தை. 1903-ஆம் ஆண்டில் இங்கே கார்டைட் தொழிற்சாலை அமைந்தது முதல், அருவங்காடு என்றால் அத்தொழிற்சாலையே என்று சொல்லும்படியாயிற்று. பாட்டனார் அங்கே வேலை பார்த்தார், தந்தையார் பார்த்தார், மகனும் பார்ப்பான் என்ற எண்ணத்தினால், படிப்பை ஓர் அலங்காரமாகக் கருதிய குடும்பங்கள் உண்டு. 2021 அக்டோபர் 1 முதல் அத்தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்னும் அரசுக் கம்பெனியின்கீழ்ச் சென்றிருக்கிறது. அதன் நன்மை தீமைகளை ஆராய்வது இன்றைய வேலையன்று. தலைமுறை தலைமுறையாக ஒரே வாயிலை நம்பியிருத்தல் ஆகாது என்பதை மாத்திரம் பெற்றோர் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். தேயிலையை நம்பிய நம்மவர்க்கு இதைச் சொல்ல வேண்டுவதேயில்லை. பச்சைத் தேயிலையின் விலையே அவர்களுக்கு இப்பாடத்தைப் போதித்துவருகிறது.

வீட்டிலிருந்து படித்தல் நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் என்பார் 1840-இல் தபால் வழியாகச் சுருக்கெழுத்தைக் கற்பித்தார். லண்டன் சர்வகலாசாலை 1858-இல், வகுப்பில் வந்து அமராதவரும் பரீட்சை எழுதிப் பட்டம் பெறலாம் என்று விதித்தது. நம் தேசத்தில் டெல்லி சர்வகலாசாலை 1962-இலும், தமிழ்நாட்டில் மதுரைச் சர்வகலாசாலை 1971-இலும், அண்ணாமலைச் சர்வகலாசாலை 1979-இலும் இவ்வழியைத் திறந்தன. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் தோன்றியது. தபாலில் வந்த பாடக் கட்டுகளைப் படித்துப் பட்டம் பெற்ற பெரியோர் சிலர் இச்சபையிலேயே வீற்றிருக்கிறார்கள். கட்டை இன்னும் பிரிக்காதவரும் சிலர் இருக்கக்கூடும். அவர்களை நாம் பெயர் சொல்லி அழைக்கப்போவதில்லை.

இனி, இப்போதைய ஏற்பாட்டைக் கேளுங்கள். ஐ.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கழகங்கள் சிலவும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து, 2003-ஆம் ஆண்டில் என்.பி.டி.இ.எல். என்ற பெயரால் தங்கள் ஆசிரியர்களின் பாடங்களைப் படம்பிடித்து எல்லோர்க்கும் வழங்கத் தொடங்கின. பின்னர் 2017 ஜூலை 9-ஆம் தேதி, இத்தகைய பாடங்களை ஓரிடத்திற் சேர்க்கும் பொருட்டு ‘ஸ்வயம்’ என்னும் தளத்தை மத்திய அரசாங்கம் ஏற்படுத்தியது. பொறியியல் மட்டுமன்று, கணக்கியல், பொருளாதாரம், உளவியல், இலக்கியம் ஆகியனவும் அங்கே உண்டு. சேருவதற்கும் கேட்பதற்கும் காசில்லை. வயது கேட்பாரில்லை. வாரந்தோறும் பாடம் வெளிவரும். வாரந்தோறும் ஒரு பயிற்சிக் கணக்கு உண்டு. 4, 8 அல்லது 12 வாரங்கள் கழிந்தபின் பரீட்சை. பரீட்சைக்கு மட்டும் கட்டணம், என்.பி.டி.இ.எல். பாடங்களுக்கு அது பாடம் ஒன்றுக்கு 1000 ரூபாய் என வசூலிக்கப்பட்டு வந்திருக்கிறது. பயிற்சிக்கு 25 மதிப்பெண், பரீட்சைக்கு 75. பயிற்சியில் 10-உம் பரீட்சையில் 30-உம் தனித்தனியே பெற்றாலன்றிச் சான்றிதழ் இல்லை.

‘கிரெடிட்’ என்று ஒரு சொல் இங்கே வழங்குகிறது. கணக்குப் புத்தகத்தில் வரவு எழுதுகிறோமே, அதுவே இது. ஒரு பட்டத்திற்கு இத்தனை வரவு வேண்டும் என்று கலாசாலை விதிக்கும். ஒவ்வொரு பாடமும் முடிந்தவுடன் அதற்குரிய வரவு மாணவன் பெயரில் ஏறும். பன்னிரண்டு வாரப் பாடத்திற்கு 3 கிரெடிட் என்பது பெரும்பான்மை வழக்கு. 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 20 வரையில் ஸ்வயம் வழியாகப் படித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒழுங்கு செய்தது. 2021-இல் அதை 40 ஆக உயர்த்தியது. அவ்வாண்டு ஜூலையில், இவ்வரவுகளைச் சேமித்து வைப்பதற்கென்றே ஒரு பாங்கும் தொடங்கப்பட்டது. பணம் போடும் பாங்கன்று. படிப்பைப் போட்டுவைக்கும் பாங்கு. போட்டது 7 ஆண்டுகள் வரையிற் செல்லும். அதற்கு முன்னாட்களிற் படித்தது இதில் ஏறாது என்பதைப் பழைய மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

கேட்பதற்கு இனிமையாயிருக்கிறதல்லவா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று பார்க்க வேண்டாமா? சங்கத்தின் கல்விக் குழுவினராகிய நாம், நம்மவருள் நால்வரை இப்பாடங்களிற் சேரும்படி தூண்டி, ஒரு பருவம் முழுவதும் உடனிருந்து கவனித்தோம். கண்டதைக் கண்டபடி சொல்லுகிறோம்.

முதல்வர், தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர். தமக்குப் பட்டமும் வேண்டாம், வரவும் வேண்டாம் என்று சொல்லி, இந்திய வரலாற்றைப் பற்றிய பாடத்தை ஆதி முதல் அந்தம் வரை கேட்டு மகிழ்ந்தார். பரீட்சைக்குப் பெயர் கொடுக்கவில்லை. நால்வரிலும் அதிகச் சந்தோஷம் அடைந்தவர் இவரே என்று தோன்றுகிறது.

இரண்டாமவர், தேயிலைப் பாக்டரியில் இரவு வேலை பார்க்கும் இளைஞர். கொழுந்து வாடுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். அவ்விடைவெளியிலே கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து வாரம் ஒழுங்காகப் படித்தார். ஆறாவது வாரம் மழைக்குப் பின் கொழுந்து மிகுந்தது. இரவு வேலை இரட்டித்தது. வாரப் பயிற்சிக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அந்நாள் கடந்தால் வாயில் அடைபட்டது. பன்னிரண்டு பயிற்சிகளுள் சிறந்த எட்டையே கணக்கில் எடுப்பார்கள் என்ற சலுகை உண்டு என்றாலும், அவர் மனம் தளர்ந்து விட்டுவிட்டார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘உங்கள் வசதிப்படி படிக்கலாம்’ என்று விளம்பரம் சொல்லுகிறது. நம் நாட்டின் நிலை அவ்வளவு தாராளமானதன்று. முற்றிலும் நம் வசதிப்படி படிக்கக்கூடிய பழைய பாடங்கள் அத்தளத்தில் ஏராளம். ஆனால் அவற்றிற்கு அப்போது பரீட்சையும் இல்லை, வரவும் இல்லை. வரவுள்ள பாடத்திற்கு நாளும் கெடுவும் உண்டு. வாரத்திற்குள் எந்நாள், நாளுக்குள் எவ்வேளை என்பதே நம் சுதந்திரம். நள்ளிரவிற் கேட்கலாம், நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம், புரியாததைப் பத்து முறை கேட்கலாம். இதுவும் சிறிய லாபமன்று. வகுப்பிலே வாத்தியாரைப் பத்தாம் முறை கேட்கத் துணிந்த மாணவன் எவன்? ஆனால் கொழுந்துக் காலத்தில் மூன்று மாதம் நிறுத்தி வைக்க இயலாது. ஆகையால் நம் தேயிலைக்காரர்கள் முதலிற் பழைய பாடத்தைத் தம் போக்கில் முழுவதும் கேட்டு முடித்துவிட்டு, பிறகு அதே பாடம் புதிதாக நடத்தப்பெறும் பருவத்திற் சேர்ந்தால், வாரக் கெடு அவர்களை வருத்தாது. இது அவ்விளைஞரே நமக்குச் சொல்லிய யோசனை.

மூன்றாமவர், நம் மருமகள் முறையாகும் பெண்மணி. குன்னூரில் இரண்டு ஆண்டு படித்து, விவாகத்தினால் நின்றவர். குழந்தைகளை உறங்கவைத்த பின் இரவு ஒன்பது மணிக்கு அமர்வார். ஆங்கிலப் பேச்சு வேகமாயிருக்கிறதென்று முதலில் அஞ்சினார். பல பாடங்களுக்குப் பேச்சின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது என்று அறிந்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார். பரீட்சையும் எழுதித் தேறினார். அன்று அவர் மாமியார் ஊர் முழுவதும் சர்க்கரை வழங்கினார் என்றால் நம்புவீர்களா? ‘என் பிள்ளைக்கு அந்தப் புத்தியில்லை, இவளுக்கு இருக்கிறது’ என்று அம்மூதாட்டி சொல்லியதையும் நாம் கேட்டோம். பிள்ளையும் அருகில் இருந்தார்.

நான்காமவர் கதையே நாம் இன்று இம்மேடைக்கு வந்ததன் காரணம். அவர் மலையின்கீழ் ஒரு கல்லூரியில் படிக்கும் மாணவர். விருப்பப் பாடம் ஒன்றுக்குப் பதிலாக ஸ்வயம் பாடம் படித்து, உயர்ந்த மதிப்பெண்ணுடன் சான்றிதழ் பெற்றார். சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, ‘இப்பாடம் இப்பருவத்துக்கு நாங்கள் முன்னமே அங்கீகரித்த பட்டியலில் இல்லை’ என்று கல்லூரியார் சொல்லிவிட்டனர். பன்னிரண்டு வார உழைப்பும் அறிவாக நின்றது, வரவாக ஏறவில்லை. கல்லூரியின் பெயரைச் சொல்வது நம் நோக்கமன்று. எந்த ஸ்வயம் பாடத்தை எந்தப் பாடத்திற்கு ஈடாகக் கொள்வது என்பதை முடிவு செய்வது அந்தந்தக் கலாசாலையின் கல்விச் சபையே. மானியக் குழுவின் விதி கதவைத் திறந்திருக்கிறது. உள்ளே விடும் கை கலாசாலையின் கையாகவே இருக்கிறது. ஆதலால் சேருமுன் துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி பெறாமல் எவரும் பரீட்சைப் பணம் கட்டற்க. வாய்மொழியாகச் சரி என்றவர் மறு பருவத்தில் அந்த நாற்காலியில் இருப்பார் என்பது நிச்சயமன்று.

மலைவாசிகளாகிய நமக்கென்று ஒரு தனிக் கஷ்டமும் உண்டு. பாடம் வீட்டிற்கு வரும். பரீட்சைக்கு நாம் நேரிற் போக வேண்டும். அருகில் மையம் கிடைக்காவிடில் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும். ஏறக்குறைய 75 கிலோமீட்டர். ஜூலையில் தொடங்கும் பாடங்களின் பரீட்சை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்து விழுகிறது. அம்மழையில் குன்னூர் மலைப்பாதை எவ்வாறிருக்கும் என்பதை 2009 நவம்பரில் நிலச்சரிவைக் கண்ட நமக்கு ஒருவர் விவரிக்க வேண்டுமோ? பெண் பிள்ளைகளை விடியற்காலையில் அவ்வழியே அனுப்பத் தாய்மார் தயங்குவது நியாயமே. ஜனவரியில் தொடங்கும் பாடங்களுக்கோ பரீட்சை ஏப்ரலையொட்டி வரும், பாதை உலர்ந்திருக்கும். நம்மவர் ஜனவரிப் பருவத்தையே தேர்ந்துகொள்ளல் நலம்.

ஒரு பாடமன்று, முழுப் பட்டமே வேண்டும் என்போர்க்குச் சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூனில் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டத்தைச் சொல்லலாம். நான்கு வாரம் படித்துத் தகுதிப் பரீட்சை எழுதினால் இடம், வயது வரம்பில்லை, ஒரு பருவத்தில் எத்தனை பாடம் எடுப்பது என்பதைப் பெரும்பாலும் மாணவரே தீர்மானிக்கலாம். நடுவில் நிறுத்த நேர்ந்தால், அடிப்படைப் பகுதிக்கும் டிப்ளமாவுக்கும் தனித்தனியே சான்று உண்டு. வகுப்பையும் குடும்ப வருமானத்தையும் அனுசரித்துக் கட்டணத்தில் நூற்றுக்கு 75 வரையிற் சலுகையும் உண்டு. கணிதத்தில் மனம் செல்லாதவர்க்கு இது ஏற்றதன்று. இதற்கு நேர்மாறாக, ‘ஒரே தடவையில் மூன்றாண்டுப் பட்டம்’ என்று சுவரொட்டி ஒட்டுவோரும் இருக்கிறார்கள். மானியக் குழுவின் அனுமதிப் பட்டியலில் பெயர் இல்லாத எந்த இடத்திலும் நம்மவர் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.

இனிச் சங்கம் செய்ய வேண்டியது. நம் கல்வி நிதி இதுவரை நாள்தோறும் கலாசாலைக்குச் சென்று படிப்போர்க்கே உதவிவந்தது. இடையில் நின்றவர்க்கும், மணமான பெண்களுக்கும், வேலையிலிருப்போர்க்கும் அந்நிதியிலிருந்து பரீட்சைக் கட்டணம் கொடுக்கலாமா என்பது இன்று உங்கள் முன்னுள்ள கேள்வி. ‘வீட்டிலிருந்து படிப்பவருக்கு எதற்குப் பணம்’ என்று சில பெரியோர் ஆட்சேபித்திருக்கிறார்கள். அவர்களுக்கு வணக்கத்துடன் ஒரு கணக்கைக் காட்டுகிறோம். ஒரு மாணவனுக்கு விடுதிச் செலவுக்கென்று நாம் கொடுக்கும் தொகையில் இத்தகைய பரீட்சைகள் பலவற்றுக்குக் கட்டணம் செலுத்தலாம். விடுதி மாணவனுக்குக் குறைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இவர்களையும் மாணவர் என்று எண்ண வேண்டும் என்றே சொல்லுகிறோம்.

பணத்தைவிட முக்கியமான உதவி ஒன்று உண்டு. தனியே படிப்பவர் தளர்ந்துவிடுகிறார். தேயிலைப் பாக்டரி இளைஞர் விட்ட வாரத்தில், ‘ஏன் தம்பி, இவ்வாரப் பயிற்சி என்ன ஆயிற்று?’ என்று கேட்க ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் விட்டிருக்கமாட்டார் என்பது நம் எண்ணம். நம் சங்கக் கட்டிடத்தின் பின்னறை மாலையில் பூட்டியே கிடக்கிறது. ஞாயிறு மாலைகளில் அதைத் திறந்து, இணைய வசதி செய்து, படிப்போரை ஒருங்கே அமரச் செய்யலாம். மேற்சொல்லிய ஓய்வுபெற்ற பெரியவர் வாரந்தோறும் அங்கே வந்து அமர ஒப்புக்கொண்டிருக்கிறார். பெண்மணிகளுக்குத் தனி நேரம் வேண்டுமாயின், தேறிய நம் மருமகளே பொறுப்பேற்பதாகச் சொல்லுகிறார்.

இவ்விரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவந்திருக்கிறோம். ஜனவரிப் பருவத்திற் சேர விரும்புவோர், தாம் எடுக்கும் பாடத்தின் பெயரையும், கலாசாலையிற் பயிலுவோராயின் துறைத் தலைவரின் எழுத்து அனுமதியையும், கார்த்திகை மாத முடிவிற்குள் காரியதரிசியிடம் சேர்ப்பிக்க வேண்டும். பின்னறையின் திறவுகோல் அவரிடமே இருக்கிறது.