தாதி கேட்கும் கேள்வி



வைத்தியசாலைக்குப் போனால் தாதி கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "குடிப்பீர்களா? கிழமைக்கு எவ்வளவு?" நம்மில் பலர் உடனே "இல்லை" என்று விடுவோம். மொழிபெயர்க்கப் பக்கத்தில் நிற்பது மகனோ மகளோ என்றால், அந்த "இல்லை" இன்னும் வேகமாக வரும்.

இந்தக் கேள்வி குற்றம் பிடிப்பதற்கு அல்ல. தினமும் நிறையக் குடிப்பவர் சத்திரசிகிச்சைக்காக வந்து படுக்கும்போது குடி திடீரென நின்றுபோகிறது. ஓரிரு நாளில் கை நடுங்கும், வியர்க்கும், வலிப்பும் வரலாம், உயிரே போகலாம். முன்பே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுப்போம். அந்த நடுக்கத்தை அளக்கத் தாதிமார் பல நாடுகளில் பயன்படுத்தும் 'சீவா' அளவுகோல், நம்முடைய ரொறன்ரோவில் இருந்த அடிமைநோய் ஆய்வு நிறுவனத்தில் உருவானது. போதைப்பொருள் பாவனையைக் கண்டறியும் கேள்விகளை 1982இல் ஹார்வி ஸ்கின்னர் வெளியிட்டதும் அங்கிருந்துதான்.

அடிமையானவர்களுக்கு மட்டும் உரிய கேள்வியும் அல்ல இது. 2023இல் வந்த கனடாவின் வழிகாட்டலின்படி, கிழமைக்கு 2 அளவுக்குள் ஆபத்துக் குறைவு. 3 முதல் 6 வரை மிதமான ஆபத்து. 7 ஆனால் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். ஓர் அளவு என்பது 341 மில்லிலீற்றர் பியர் அல்லது 43 மில்லிலீற்றர் விஸ்கி. கண்மட்டத்தில் ஊற்றினால் இது எளிதில் கூடிவிடும். இந்தக் கட்டத்திலேயே வைத்தியரோ தாதியோ பத்து நிமிடம் பேசினால், பலர் குறைத்துக்கொள்கிறார்கள்.

தினமும் நிறையக் குடிப்பவர்கள் தனியாகத் திடீரென நிறுத்தவேண்டாம். முதலில் வைத்தியரைக் காணுங்கள். அல்லது கொனெக்ஸ் ஒன்ராறியோவை 1-866-531-2600இல் அழையுங்கள். நீங்கள் வைத்தியரிடம் சொல்வதை, உங்கள் அனுமதியின்றி உறவினருக்கோ சபைக்கோ சொல்ல ஒன்ராறியோவின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடாது.

பிள்ளைகளே, அப்பாவுக்காக நீங்கள் பதில் சொல்லவேண்டியதில்லை. "மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று தாதியிடம் கேளுங்கள். வீட்டில் ஒருவர் குடிப்பது உங்கள் பிழையல்ல. நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். கிட்ஸ் ஹெல்ப் ஃபோனை 1-800-668-6868இல் எந்நேரமும் அழைக்கலாம்.

பெதஸ்தா குளத்தருகே 38 வருடம் வியாதியாய்க் கிடந்தவனிடம், ஏன் இப்படியானாய் என்று இயேசு விசாரிக்கவில்லை. சுகமாக விருப்பமா என்றே கேட்டார். எங்கள் கேள்வியையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொல்லுங்கள். கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.