அழகெழுத்துக்கும் ஓர் இடம் உண்டு
(திருவேற்காட்டில் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சான்றிதழ், அழைப்பிதழ், பயிற்சித்தாள் என எல்லாவற்றையும் இன்று நாமே கணினியில் தயாரிக்கிறோம். எதற்கு எந்த எழுத்துரு என்று முடிவு செய்வதும் நாம்தான். ஆகவே, கையெழுத்துச் சாயல் கொண்ட அழகு எழுத்துருக்களைப் பற்றிச் சில கருத்துகளைப் பகிர்கிறேன்.

ஆங்கில அழகெழுத்தில் ஒரே கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். அது பேனா முனையின் தடம். தமிழ் எழுத்து ஓலையில் வளர்ந்தது. எழுத்தாணிக் கீறலில் கோட்டின் பருமன் அதிகம் மாறாது. நார் ஓடும் திசையில் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும். அதனால் வளைவுகள் பெருகின. நம் எழுத்தின் அழகு வளைவிலும் சுழியிலும் இருக்கிறது.

அந்த அழகைக் கணினிக்குக் கொண்டுவந்த எழுத்துருக்களில் ஒன்று 'கவிவனார்'. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் வடிவமைத்தது. எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து, கையால் எழுதியதுபோல் இருக்கும். ஒருங்குறி எழுத்துருவான இது கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

சான்றிதழில் மாணவர் பெயர், ஆண்டு விழா அழைப்பிதழின் தலைப்பு, வாழ்த்து அட்டை, கையெழுத்து இதழின் முகப்பு ஆகியவற்றுக்கு இத்தகைய எழுத்து மிகவும் பொருந்தும். சில சொற்களே இருக்க வேண்டும். அளவு பெரிதாக இருக்க வேண்டும். சுற்றிலும் வெற்றிடம் வேண்டும். கோப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள். இல்லையெனில், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேறு எழுத்து வந்து நிற்கும்.

வாசிப்பு அட்டைக்கும் வினாத்தாளுக்கும் இது வேண்டாம். எ, ஏ இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு கோடு. ஒ, ஓ இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு சுழி. குறிலையும் நெடிலையும் கண்ணால் பிரித்தறிய வழி செய்தவர் 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர். அலங்காரத்தில் அந்த வேறுபாடு மங்கினால் குழந்தை தடுமாறும்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வேலைக்காக வந்த வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். கடையில் வாங்கிய அலங்கார அட்டை ஒன்றில் 'ஏணி' என்ற சொல்லை மூன்றாம் வகுப்புச் சிறுமி 'எணி' என்று வாசித்தாள். அதையே கரும்பலகையில் எழுதியதும் சரியாக வாசித்தாள். அவளுக்கு எழுத்து தெரியும். அட்டைதான் அதை மறைத்தது. இப்படி ஒரு குழந்தையை 'வாசிக்கத் தெரியாதவர்' பட்டியலில் நாம் சேர்த்துவிடக் கூடாது.

எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். எ ஏ, ஒ ஓ, ர ற, ன ண, ல ள ஆகியவற்றை நீங்கள் விரும்பும் எழுத்துருவில் அச்சிட்டு, வகுப்பில் மெதுவாக வாசிக்கும் குழந்தையிடம் கொடுங்கள். தயங்காமல் வாசித்தால் பயிற்சித்தாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தயங்கினால், அந்த எழுத்துருவைச் சான்றிதழில் அதே குழந்தையின் பெயரை எழுத வைத்துக்கொள்ளுங்கள்.