மரபணுத் திருத்தமும் ஒரு மாணவியின் கேள்வியும்

(அறிவியல் பட்டதாரி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘மரபணுத் திருத்தம்’. பாடக் கருத்துக்குப் போகும் முன், நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஆண்டு, எந்த வகுப்பு என்று சொல்லப் போவதில்லை. காரணம் உங்களுக்கே புரியும்.

செய்தித்தாளில் ஒரு தலைப்பைப் பார்த்துவிட்டு, பாடத்தின் நடுவே, “இனி மரபணுவை வெட்டியே எச்.ஐ.வி.யை ஒழித்துவிடுவார்கள்” என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டேன். மணி அடித்ததும் ஒரு மாணவி பின்னாலேயே வந்தாள். “அப்போ தினமும் மாத்திரை சாப்பிடுறவங்க நிறுத்திடலாமா டீச்சர்?” என்றாள். யார் சாப்பிடுகிறார்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. “மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, மற்றதை நாளைக்குச் சொல்கிறேன்” என்று மட்டும் சொன்னேன். அன்று இரவு உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எச்.ஐ.வி. நம் இரத்தத்தில் உள்ள டி செல்களுக்குள், அதிலும் சி.டி.4 என்ற புரதம் உள்ள டி செல்களுக்குள் நுழைகிறது. சி.டி.4 மட்டும் அதற்குப் போதாது, கூடவே இன்னொரு புரதமும் வேண்டும். பெரும்பாலும் அது சி.சி.ஆர்.5, சில வகை வைரஸ்களுக்கு சி.எக்ஸ்.சி.ஆர்.4. ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் போல. சி.சி.ஆர்.5 மரபணுவில் 32 எழுத்துகள் இல்லாமலேயே பிறக்கும் மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். இது ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் அதிகம். இரு பெற்றோரிடமிருந்தும் அந்தக் குறை வந்திருந்தால் முதல் வாசல் இருக்காது.

பெர்லினில் திமோதி ரே பிரவுன் என்பவருக்கு எச்.ஐ.வி.யோடு இரத்தப் புற்றுநோயும் இருந்தது. 2007-இல், இந்த வாசல் இல்லாத ஒருவரின் குருத்துச் செல்களை அவருக்குப் பொருத்தினார்கள். அவர் உடலில் வைரஸ் திரும்பவே இல்லை. 2020-இல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பியதால். உயிருக்கே ஆபத்தான சிகிச்சை அது. புற்றுநோய் இருந்ததால்தான் செய்தார்கள். ஆனால் ஆய்வாளர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. அந்த வாசலை நாமே அடைக்க முடியுமா?

இங்கேதான் கிரிஸ்பர் வருகிறது. இம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிபர் டௌட்னா இருவரும் 2012-இல் இதன் செயல்பாட்டை வெளியிட்டார்கள். 2020-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். கேஸ்-9 என்ற புரதம் கத்தரிக்கோல். எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டுவது வழிகாட்டி ஆர்.என்.ஏ.; அதில் 20 எழுத்துகள் டி.என்.ஏ.வோடு பொருந்த வேண்டும். இவ்வளவும் நமக்குத் தெரிந்ததுதான். டி செல்லுக்குள் அதைக் கொண்டுபோவதுதான் பெரும் பாடு. கத்தரிக்கோலுக்கான மரபணுவை பிளாஸ்மிட்டில் வைத்து அனுப்பினால், அயல் டி.என்.ஏ. நுழைந்ததை உணர்ந்து பல டி செல்கள் செத்துவிடுகின்றன. நோயை எதிர்க்கப் பிறந்த செல் அல்லவா!

ஆய்வகங்களில் ஜுர்கட் என்றொரு செல் வரிசை உண்டு. லுகேமியா வந்த 14 வயதுச் சிறுவனின் இரத்தத்திலிருந்து வளர்த்தது. அதை வளர்ப்பதும் திருத்துவதும் எளிது. ஆனால் அது புற்றுநோய்ச் செல். நலமான ஒருவரின் டி செல் அதைப் போலவே நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாது. அதனால்தான் கொடையாளரின் இரத்தத்திலிருந்தே எடுத்த செல்களில் சோதிக்க வேண்டியிருந்தது.

2015-இல் கலிபோர்னியாவில் அலெக்சாண்டர் மார்சன், டௌட்னா ஆகியோரின் குழுக்கள் இதற்கு ஒரு வழியைக் காட்டின. மரபணுவுக்குப் பதிலாக, கேஸ்-9 புரதத்தையும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வையும் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்வது. தூண்டிவிட்ட டி செல்களோடு கலந்து மிகக் குறுகிய மின் துடிப்பு கொடுப்பது. செல்சவ்வில் கணநேரத் துளைகள் திறக்கும், கத்தரிக்கோல் உள்ளே போகும். வேலை முடிந்ததும் செல்லே அந்தப் புரதத்தைச் சிதைத்துவிடும். நெடுநாள் உள்ளே கிடந்து தவறான இடங்களை வெட்டிக்கொண்டிருக்காது. சி.எக்ஸ்.சி.ஆர்.4 மரபணுவைக் குறிவைத்தபோது, சுமார் 40 விழுக்காடு செல்கள் வரை அந்தப் புரதத்தை மேற்பரப்பில் பெருமளவு இழந்தன.

40 விழுக்காடு. பத்தில் ஆறு செல்லில் வாசல் அப்படியே இருந்தது. வகுப்பில் இந்த எண்ணைச் சொல்லத் தவறாதீர்கள். மறு ஆண்டு, இதே முறையில் சி.சி.ஆர்.5-ஐ நீக்கிய செல்களை எச்.ஐ.வி.யோடு வைத்துப் பார்த்தார்கள். முதல் வாசலைப் பயன்படுத்தும் வைரஸை அவை எதிர்த்தன. இரண்டாம் வாசலைப் பயன்படுத்தும் வைரஸ் வழக்கம்போல் நுழைந்தது. அந்தச் சோதனையின் நோக்கமும் சிகிச்சை அல்ல. வைரஸ் நம் செல்லின் எந்தெந்தப் புரதத்தைச் சார்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதுதான். நான் வகுப்பில் விட்டுவிட்டது இதைத்தான். தட்டில் வளரும் செல்லுக்கும் உடலுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டேன். உடலில் வைரஸ் ஏற்கெனவே பல செல்களுக்குள் உறங்கிக் கிடக்கிறது, வாசலை அடைப்பதால் உள்ளே இருப்பது வெளியேறாது.

அந்தத் தூரத்தை மதிக்காமல் 2018-இல் சீனாவில் ஹெ ஜியான்குய் என்பவர் இதே சி.சி.ஆர்.5 மரபணுவைக் கருவிலேயே திருத்தினார், இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. உலகமே கண்டித்தது, அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. கொடையாளரின் டி செல்லில் செய்த மாற்றம் அந்தத் தட்டோடு முடிகிறது. கருவில் செய்தது பிள்ளையின் பிள்ளைக்கும் போகும். மாணவர்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள்.

மறுநாள் வகுப்பில், “நேற்று நான் சொன்னது தவறு” என்று தொடங்கி, இவற்றையெல்லாம் எளிமையாகச் சொன்னேன். மாத்திரை வைரஸ் பெருகுவதை அடக்கி வைக்கிறது, நிறுத்தினால் அது மீண்டும் பெருகும், அரசு மருத்துவமனைகளில் உள்ள ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னேன். அந்தப் பெண் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

இனி செயல்பாடு. உங்கள் மேசையில் இரண்டு காகிதப் பட்டைகள் உள்ளன. சிறியதில் ‘அவன் மகள் நட்ட மரம்’ என்று, சொல்லுக்கு மூன்று எழுத்தாக எழுதியிருக்கிறேன். செல்லும் டி.என்.ஏ. செய்தியை மும்மூன்றாகத்தான் படிக்கிறது. ‘வ’வை மட்டும் வெட்டி ஒட்டிவிட்டு மும்மூன்றாகப் படியுங்கள். ‘அன்ம கள்ந ட்டம ரம்’. ஒரே எழுத்துதான் போனது, பிறகு எதுவுமே தேறவில்லை. கேஸ்-9 வெட்டிய இடத்தை செல் அவசரமாக ஒட்டும்போது ஓரிரு எழுத்துகள் கூடியோ குறைந்தோ போவதால் மரபணு அணைவது இப்படித்தான். மாறாக, ‘மகள்’ என்ற மூன்றையும் வெட்டினால் ‘அவன் நட்ட மரம்’ என்று பொருள் தருகிறது. என் வகுப்பில் இதைக் கண்டுபிடித்தது கடைசி இருக்கைப் பையன், நான் அல்ல.

பெரிய பட்டையில் சி.சி.ஆர்.5 கதை. 32-ஐ மூன்றால் வகுத்தால் மீதி எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பிறகு கத்தரிக்கோலை எடுங்கள்.