கடல் கடக்கும் குடும்பமும் தமிழும்



2010-இல் மகிழுந்துத் தொழிலகமும் 2012-இல் செருமானியரின் சரக்குந்துத் தொழிலகமும் எழுந்த ஊர் ஒரகடம். இங்கிருந்து பொறியாளர் சிலர் குடும்பத்தோடு செருமனிக்கும் சப்பானுக்கும் புறப்படுகின்றனர். கடவுச்சீட்டு, நுழைவிசைவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, தடுப்பூசிக் குறிப்பு, புளி, மிளகாய்த்தூள் அனைத்தும் பெட்டியில் ஏறுகின்றன. தமிழ்ப் பொத்தகத்துக்கு மட்டும் எடை மிகுதியாம்!

1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து துரூரோ கப்பலில் சென்று தர்பனில் இறங்கிய கூலிகளுக்குப் பெட்டியேது? அவர்வழி வந்தோருள் பெரும்பாலோர் இன்று ஆங்கிலமே பேசுகின்றனர். பெயரும் காவடியும் எஞ்சின. மலேயாத் தோட்டத் தொழிலாளரோ பள்ளிகளைக் காத்தனர். மலேசியாவில் இன்றும் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. வீட்டில் பெரும்பாலும் கிரியோலே பேசும் மொரீசியசுத் தமிழர்கூட, 1998-இல் பணத்தாளில் தமிழ் ஒருபடி கீழிறக்கப்பட்டபோது பொங்கியெழுந்தனர். அரசு தாள்களைத் திரும்பப் பெற்றது. ஆனால் பணத்தாளில் வாழும் மொழி அடுக்களையில் வாழவில்லையே!

செருமனியில் ஈழத்தமிழர் நடத்தும் தமிழாலயங்கள் கிழமை இறுதியில் தமிழ் கற்பிக்கின்றன. குடியேறும் குடும்பம் வாடகை, பள்ளி, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை உசாவும் முதற் கிழமையிலேயே அருகிலுள்ள தமிழாலயத்தையும் உசாவுதல் வேண்டும். புதுவீட்டில் பெற்றோர் பிள்ளையிடம் தமிழிலேயே பேசுதல் வேண்டும். அயன்மொழியைத் தெருவும் பள்ளியும் தாமே கற்பித்துவிடும்.