மலைச்சரிவில் மனையும் மழைநீரும்

யாழ்ப்பாணத்துச் சமநிலத்தில் வீடு கட்டப் புகுவோர் முதலில் விசாரிப்பது கிணற்று நீரின் சுவையை. பதுளையிலோ நுவரெலியாவிலோ மலைச்சரிவில் கட்டுவோர் விசாரிக்க வேண்டியது வேறு. மேலிருந்து வரும் மழைநீர் எவ்வழியே இறங்குகிறது என்பதே அது. அவ்விசாரணை பெரும்பாலும் நடப்பதில்லை. மண்ணை வெட்டி, சுவரெழுப்பி, கூரை வேய்ந்து, பால் காய்ச்சிக் குடிபுகுந்த பின்னர், ஐப்பசி மழையில் அடுப்படிக்குள் சேறு புகும்போதுதான் கான் வெட்டும் எண்ணம் பிறக்கிறது.

கான் என்பது தோட்டத்தார் வடிகாலுக்கு வழங்கும் பெயர். தேயிலை மலையில் அது சரிவுக்குக் குறுக்காக, நூறடி நீளத்துக்கு ஏறத்தாழ ஓரடியே தாழ்ந்து செல்லும். இடையிடையே உள்ள குழிகளில் நீர் வேகம் தணிந்து மண்ணைப் படியவிடும். 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புக்கென இந்நாட்டில் தனிச் சட்டமும் பிறந்தது. தேயிலையின் வேருக்குக் கிடைத்த இந்தப் பரிவு, அதைப் பறித்தோரின் லயங்களுக்கு அந்த அளவில் கிடைத்ததெனச் சொல்வதற்கில்லை.

நீரின் அளவைச் சற்றுக் கணக்கிடலாம். இருபதடி அகலமும் இருபத்தைந்தடி நீளமும் உள்ள தகரக் கூரையின்மேல் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், சேரும் நீர் ஏறத்தாழ 4,600 லீற்றர். நாலரைத் தொன்னுக்கு மேற்பட்ட பாரம். பீலி இல்லாத வீட்டில் இதில் பாதி, பின்புறத்து வெட்டுமண்ணின் அடியிலேயே விழுகிறது. மலையைத் தாங்கி நின்ற அடிமண்ணை வெட்டியதே ஒரு நலிவு. அவ்விடத்தை ஊறவைப்பது மற்றொன்று. ஊறிய மண் பாரம் கூடுவதோடு, துகளுக்குத் துகள் உள்ள பிடிப்பையும் இழக்கிறது.

ஆதலின், அத்திவாரத்துக்கு முன்னரே வெட்டப்பட வேண்டியது மனையின் மேற்புறத்துக் கான். வெட்டுவிளிம்புக்குச் சற்று மேலே அது அமைந்து, வரும் நீரை இருபுறமும் ஒதுக்கவேண்டும். செங்குத்தாக இறங்கும் வாய்க்காலுக்குக் கற்படிகள் இன்றியமையாதவை. வெறுமண்ணில் பாயவிட்டால் இரண்டு மாரியில் அது பள்ளத்தாக்காகிவிடும். தாங்குசுவரில் நீர் கசியத் துளைகளும், அதன் பின்னே சரளைக்கல்லும் இல்லையாயின், அச்சுவர் மண்ணோடு நீரின் அழுத்தத்தையும் சுமந்து சாயும். வெட்டிய மண்ணை முன்புறம் கொட்டி, அதன்மேல் பாதி வீட்டை நிறுத்துவது பலரது வழக்கம். வெட்டுமண்ணும் கொட்டிய மண்ணும் ஒன்றுபோல் அமிழ்வதில்லை. சுவர் நடுவே பிளக்கிறது. வெறுமையான சரிவில் வெட்டிவேர் நடுவது செலவு குறைந்த நற்பணி.

இவையெல்லாம் தனியொருவர் தம் எல்லைக்குள் செய்யத்தக்கவை. ஆனால் ஏழு பேர்ச் காணியில் அந்த எல்லை எவ்வளவு தூரம்? மேல்வீட்டுக்காரர் ஒதுக்கிய நீர் கீழ்வீட்டுக்காரரின் கூடத்துக்கு வருகிறது. புதிய குடியிருப்புகளில் காணிகளை அளந்து கல் நாட்டுமுன், பொது வடிகாலுக்கு நிலம் ஒதுக்கிவிட வேண்டும். வீடுகள் எழுந்தபின் அதற்கு இடம் கேட்பது அயலாரிடையே வழக்கை வளர்ப்பதாகவே முடியும்.

கானால் காக்க முடியாத நிலமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லய வரிசைகளை மூடிய மண், முழு மலைச்சரிவொன்றிலிருந்து பெயர்ந்தது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. வெளியேறுமாறு சொல்வது எளிது. வேறு காணி கையில் இல்லாதவர் எங்கே போவது என்ற வினாவுக்கு எச்சரிக்கைக் கடிதத்தில் விடையில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டில் விளைத்த சரிவுகளின் பின்னரும் அதே வினா எழுந்தது.

நிலத்தில் புதிய வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், திடீரெனத் தோன்றும் அல்லது வற்றும் ஊற்று, கலங்கி வரும் பீலித் தண்ணீர், இறுகித் திறவாத கதவு ஆகிய குறிகளைக் கண்டால் கிராம அலுவலருக்கு அறிவித்தல் வேண்டும். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்து தொடர்ந்தால் விழிப்பு, 100ஐக் கடந்தால் ஆயத்தம், 150ஐக் கடந்தால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் வெளியேற வேண்டியதே. அந்நேரம் நள்ளிரவாயிருப்பினும், முதியோரையும் குழந்தைகளையும் எவ்வழியே எங்கு அழைத்துச் செல்வது என்பதை மாரிக்கு முன்னரே வீட்டார் கூடிப் பேசி வைத்திருத்தல் வேண்டும்.